தலையில் அடிபட்டவருக்கு சோடியம் குறைந்தால் ஏன் மெதுவாக ஏற்றுகிறார்கள்?

இரத்தத்தில் சோடியம் லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் வரை இருக்க வேண்டும். 135-க்குக் கீழே போனால் குறைவு. பெரும்பாலும் உடலில் உப்புக்கு மிஞ்சிய தண்ணீர் இருக்கிறது என்றே அதற்கு அர்த்தம்.

கொண்டைக்கடலையை ஊறவைத்தால் உப்பிவிடும் அல்லவா? சோடியம் குறையும்போது மூளைச் செல்களும் அப்படித்தான் தண்ணீரை இழுத்து வீங்குகின்றன. மண்டையோடு இறுக மூடிய டப்பா மாதிரி, விரிந்துகொடுக்காது. ஏற்கெனவே அடிபட்டு வீங்கிய மூளைக்கு இது கூடுதல் நெருக்கடி. வலிப்பு வந்தாலோ நினைவு மங்கினாலோ 3% உப்புக் கரைசலை உடனே கொஞ்சம் ஏற்றுவார்கள்.

காரணத்தைக் கண்டுபிடிப்பதுதான் சிக்கல். சிலருக்குச் சிறுநீரைக் கட்டுப்படுத்தும் ஹார்மோன் அதிகம் சுரந்து தண்ணீர் தேங்கும்; வழக்கமாகத் தண்ணீரைக் குறைப்பார்கள். வேறு சிலருக்கு உப்பும் நீரும் சேர்ந்து சிறுநீரில் போய்விடும். அவர்களுக்கு இரண்டையும் ஈடுகட்ட வேண்டும். பரிசோதனை முடிவுகள் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும், ஆனால் சிகிச்சை நேர் எதிர்!

சரி, ஏன் அவசரப்படுவதில்லை? குறைந்த சோடியத்துக்கு இரண்டு நாளில் செல்கள் பழகிவிடும். அப்புறம் சட்டென்று ஏற்றினால் தண்ணீர் வெளியேறி, நரம்புகளின் மேலுறை சேதமாகலாம். அதனால் 24 மணி நேரத்தில் 8 முதல் 10 மில்லிமோலுக்கு மேல் உயர விடமாட்டார்கள்.

இளநீர் கொடுத்தால் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அதில் பொட்டாசியம்தான் அதிகம், சோடியம் கொஞ்சம்தான்.