“எஞ்சின் கழற்றவே இல்லை” என்றார், இரண்டு வாரத்தில் நீலப் புகை

கேள்வி: ஐயா, நான் வெள்ளவத்தையில் வசிக்கிறேன். ஏழு வாரங்களுக்கு முன் இணைய விளம்பரம் பார்த்து, 2003ஆம் ஆண்டுத் தயாரிப்பான ஜப்பான் செடான் கார் ஒன்றை 38 இலட்சத்துக்கு வாங்கினேன். “98,000 கிலோமீற்றர், எஞ்சின் கழற்றவே இல்லை, ஒயில் குறையாது” என்று விளம்பரத்தில் இருந்தது. “என் மனைவி ஓட்டிய கார்” என்றார் விற்றவர். வாங்க முன் தெரிந்த பாஸ் (மெக்கானிக்) ஒருவரைக் கூட்டிச் சென்று காட்டினேன். அவர் குறை எதுவும் சொல்லவில்லை. இரண்டாவது வாரம் குடும்பத்துடன் யாழ்ப்பாணம் போனோம். வவுனியா தாண்டியதும் பின்னால் நீலப் புகை. போய்ச் சேர்ந்து பார்த்தால் ஒயில் ஒரு லீற்றருக்கு மேல் குறைந்திருந்தது. இப்போது ஓட்டோ கியரும் வழுக்குகிறது. எஞ்சின் வேலைக்கு நாலரை இலட்சம், கியர் பொக்ஸ் மாற்ற மூன்று இலட்சம், ஷொக் அப்சோபர், லோவர் ஆம் புஷ், ரேடியேற்றர் எல்லாவற்றுக்கும் ஒன்றரை இலட்சம் என்று கராஜில் சொல்கிறார்கள். டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு பழைய சேர்விஸ் ஸ்டிக்கர். அதில் 187,000 என்று எழுதியிருக்கிறது. விற்றவரைக் கேட்டால், “பழைய வண்டி அப்படித்தான், பார்த்துத்தானே வாங்கினீர்கள்” என்கிறார். அவர் தந்த பத்திரங்களில் இருப்பதோ வேறொருவரின் கையொப்பம். காரைத் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் வாங்க முடியுமா?

பதில்: முழுப் பணம் கிடைப்பது கடினம். நட்டஈடு கேட்கலாம், அதற்கு உங்கள் கையில் நல்ல ஆதாரமும் இருக்கிறது. ஆனால் அந்த ஆதாரம் நீங்கள் நினைப்பதுபோல் கராஜ் பில்லில் இல்லை, கதவுத் தூணில் ஒட்டியுள்ள ஸ்டிக்கரில் இருக்கிறது.

இருபது வருடம் கடந்த ஒரு காரில் ஷொக் அப்சோபர் போவதும், புஷ் தேய்வதும், ரேடியேற்றர் ஒழுகுவதும் வயதின் கோளாறு. “பார்த்துத்தானே வாங்கினீர்கள்” என்று விற்றவர் சொல்வது இவற்றுக்குப் பொருந்தும். அந்த ஒன்றரை இலட்சத்தை மறந்துவிடுங்கள். அதையும் சேர்த்துக் கேட்டால் மற்றக் கோரிக்கையின் மீதும் நீதிபதிக்குச் சந்தேகம் வரும்.

எஞ்சின் கதை வேறு. “கண்ணாடி மாதிரி வண்டி”, “ராசியான கார்” என்பதெல்லாம் வியாபாரப் பேச்சு, சட்டம் அதைக் கணக்கில் எடுக்காது. “98,000 கிலோமீற்றர்”, “எஞ்சின் கழற்றவில்லை”, “ஒயில் குறையாது” என்பவை அப்படியல்ல. உண்மையா பொய்யா என்று சோதித்துப் பார்க்கக்கூடிய கூற்றுகள் அவை. அவற்றை நம்பித்தான் 38 இலட்சம் கொடுத்தீர்கள். எங்கள் 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்தின்படி இப்படிப்பட்ட உறுதிமொழி பொய்த்தால் நட்டஈடு கேட்கலாம். தெரிந்தே சொன்ன பொய் என்று காட்டினால் ஏமாற்று என்ற அடிப்படையிலும் வழக்கு வைக்கலாம்.

பாஸைக் கூட்டிப்போனது உங்களுக்குப் பாதகமா என்று கவலைப்படுவீர்கள். சோதித்துப் பார்த்தால் கண்ணில் பட்டிருக்க வேண்டிய குறைகளுக்கு மட்டும்தான் அது பாதகம். பிஸ்டன் ரிங், வால்வ் சீல் தேய்ந்த எஞ்சினில் தடித்த ஒயிலை ஊற்றினால் சில நாட்களுக்குப் புகை அடங்கியிருக்கும். வீதியில் பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்த பாஸுக்கு அது தெரியாது, நானூறு கிலோமீற்றர் ஓடினால்தான் தெரியும். கியர் பொக்ஸும் அப்படித்தான், புது ஒயில் மாற்றிவிட்டால் கொஞ்ச நாள் ஒழுங்காக இழுக்கும். ஆனால் கியர் பொக்ஸ் பற்றி விற்றவர் ஏதாவது சொன்னாரா என்று நீங்கள் எழுதவில்லை. ஒன்றும் சொல்லாவிட்டால் அந்த மூன்று இலட்சம் சந்தேகம்தான்.

இதற்கு இன்னொரு வழி இருக்கிறது. அது விற்றவர் யார் என்பதைப் பொறுத்தது. மனைவி ஓட்டிய கார் என்கிறார், பத்திரத்தில் மூன்றாம் ஆளின் கையொப்பம் இருக்கிறது. ஓபன் பேப்பரில், அதாவது பழைய உரிமையாளர் கையொப்பமிட்டு வாங்குபவர் பெயரை வெறுமையாக விட்ட பத்திரத்தில் வாங்கி, பெயர் மாற்றாமலே கைமாற்றுகிறவர்கள் கொழும்பில் எத்தனை பேர்! விற்றவரின் தொலைபேசி இலக்கத்தை விளம்பரத் தளங்களில் தேடிப் பாருங்கள். அதே இலக்கத்தில் வேறு கார்களும் விற்பனைக்கு இருந்தால் அவர் தனியாள் அல்ல, வியாபாரி. பொருள் தரமானதாக இருக்க வேண்டும் என்று சட்டம் தானாகவே சேர்க்கும் நிபந்தனை வியாபாரிக்குத்தான் பொருந்தும். தனியாளிடம் வாங்கினால் அவர் வாயால் சொன்னது மட்டுமே மிஞ்சும். “இருக்கும் நிலையிலேயே விற்கப்பட்டது” என்று அவர் எங்காவது எழுதி வாங்கியிருந்தாலும், வியாபாரி என்றால் 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நியதிகள் சட்டத்தைக் காட்டி அதை எதிர்க்கலாம்.

வியாபாரி என்று தெரிந்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடமும் போகலாம். செலவில்லாத வழி அது. ஆனால் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். ஏழு வாரம் போய்விட்டது, மீதி ஐந்தாறு வாரம்தான். பேசித் தீர்ப்போம் என்று விற்றவர் இழுத்தடிப்பார், அவரை நம்பி அந்தத் திகதியைத் தவறவிடாதீர்கள்.

இனித் திருப்பிக் கொடுக்கும் விடயம். பொருளை ஏற்றுக்கொண்ட பிறகு பொதுவாக நட்டஈடு கேட்கலாமே தவிர அதைத் திருப்பிக் கொடுக்க முடியாது. ஏமாற்று என்றால் ஒப்பந்தத்தையே ரத்துச் செய்யக் கேட்கலாம்தான். ஆனால் குறை தெரிந்தவுடனே அதைச் சொல்லியிருக்க வேண்டும், சொந்தக்காரர்போல் தொடர்ந்து ஓட்டியிருக்கக் கூடாது. புகை கண்ட பிறகு அதே காரில் யாழ்ப்பாணத்திலிருந்து திரும்பி வந்து, ஐந்து வாரமாக வைத்திருக்கிறீர்கள். குடும்பத்துடன் வவுனியாவில் நின்றவரிடம் காரை அங்கேயே விட்டிருக்கலாமே என்று நான் கேட்கமாட்டேன், எதிர்த்தரப்புச் சட்டத்தரணி கேட்பார்.

ஆகவே நட்டஈடுதான் என் ஆலோசனை. எவ்வளவு என்றால், கராஜ் சொன்ன தொகை அப்படியே அல்ல. சொன்னபடி இருந்திருந்தால் காரின் பெறுமதி என்ன, உண்மையில் வாங்கிய அன்று அதன் பெறுமதி என்ன, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அளவுகோல். சுயாதீனமான வாகன மதிப்பீட்டாளர் ஒருவரிடம் எழுத்தில் அறிக்கை எடுங்கள். பழைய காருக்குப் புத்தம் புதுப் பாகம் போட்டுவிட்டு முழு விலையையும் கேட்டால் நீதிமன்றம் குறைக்கும். வாகனப் பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தையில் ரீகண்டிஷன் எஞ்சின் விலையும் விசாரித்து வையுங்கள், பேரம் பேசும்போது உதவும்.

எஞ்சினை இப்போதே கழற்ற விடாதீர்கள். கழற்றிவிட்டால், “நான் விற்றபோது நன்றாக இருந்தது, உங்கள் பாஸ்தான் கெடுத்தார்” என்பார். முதலில் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள்: விளம்பரத்தில் சொன்னது இது, கண்டது இது, பதினான்கு நாளுக்குள் நீங்களோ உங்கள் ஆளோ வந்து காரைப் பார்க்கலாம், வராவிட்டால் கழற்றுவேன். பிறகு கழற்றும்போது கட்டத்துக்குக் கட்டம் படம் எடுக்க வேண்டும், பழைய ரிங், சீல் ஒன்றையும் பாஸ் வீசக்கூடாது. ஹெட் கவரைச் சுற்றிப் புதிதாகப் பூசிய சிலிக்கன், போல்ட் தலைகளில் ஸ்பானர் தழும்பு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால் “கழற்றவில்லை” என்பது அங்கேயே பொய்த்துவிடும். ஸ்டிக்கரில் சேர்விஸ் நிலையத்தின் பெயர் இருந்தால், அவர்களின் கணினியில் அந்தத் திகதியும் மைலேஜும் பதிவாகியிருக்கக்கூடும், கேட்டுப் பாருங்கள். விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷொட், வாட்ஸப் உரையாடல் எல்லாம் 2006ஆம் ஆண்டின் இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டத்தின்படி சான்றாக ஏற்கத்தக்கவை. ஃபோனை மாற்றினாலும் பழைய ஃபோனை விற்றுவிடாதீர்கள்.

பெயர் மாற்றத்தை இனியும் தள்ளிப்போடாதீர்கள். பதினான்கு நாளுக்குள் செய்திருக்க வேண்டியது, தாமதக் கட்டணத்தோடு நாரஹேன்பிட்டி மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் முடியுங்கள். அதற்கு முன் பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளர் என்ற இடத்தில் லீசிங் கம்பனியின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் எனக்கு உடனே எழுதுங்கள், அது எஞ்சினை விடப் பெரிய தலைவலி.

பொலிஸில் மோசடி முறைப்பாடு செய்யலாம். “இது சிவில் விடயம்” என்று திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள், ஆனாலும் முறைப்பாட்டுப் பதிவு ஒன்று கையில் இருப்பது நல்லது.

கோரும் தொகையைப் பொறுத்து மாவட்ட நீதிமன்றத்துக்கு முன் மத்தியஸ்த சபைக்குப் போக வேண்டியிருக்கலாம். அங்கே கட்டணம் இல்லை. இணக்கம் வராவிட்டால் அதற்கான சான்றிதழைத் தருவார்கள், அதை எடுத்துக்கொண்டு புதுக்கடை நீதிமன்றத்துக்கு வரலாம். எழுத்தில்லாத ஒப்பந்தத்துக்கு மூன்று வருடம், எழுத்திலுள்ளதற்கு ஆறு, ஏமாற்றைச் சிவில் தவறாகக் காட்டிக் கேட்கும் நட்டஈட்டுக்கு இரண்டு வருடம் காலக்கெடு. வாய்ப்பேச்சும் வாட்ஸப்பும் கலந்த உங்கள் விடயத்தில் இரண்டு வருடத்துக்குள் தாக்கல் செய்வதே பாதுகாப்பு.

அந்த ஸ்டிக்கரை உரிக்க வேண்டாம், காரைக் கழுவக் கொடுக்கும்போதும் சொல்லிவையுங்கள். இருந்த இடத்திலேயே, கதவும் இலக்கத் தகடும் தெரியப் படமெடுத்து, மதிப்பீட்டாளரின் அறிக்கையிலும் அதைக் குறிப்பிடச் சொல்லுங்கள்.