ஒரே கைபேசி: தொற்றுக்காலத்தில் மருத்துவருக்கா, வகுப்புக்கா?

கேள்வி: தர்மபுரி மாவட்டத்தில் ஒரு சிற்றூரில் வசிக்கிறோம். வீட்டில் ஒரே ஒரு ஸ்மார்ட்போன்தான். அதையும் பகலில் கணவர் வேலைக்கு எடுத்துச் செல்வார். கொரோனா ஊரடங்கின்போது மகளின் ஆன்லைன் வகுப்பும், நீரிழிவும் ரத்த அழுத்தமும் உள்ள மாமியாரின் மருத்துவ ஆலோசனையும் ஒரே நேரத்தில் வந்து, இரண்டுமே கெட்டன. இப்போது மகள் ஒன்பதாம் வகுப்பிலும் மகன் ஐந்தாம் வகுப்பிலும் படிக்கிறார்கள். மறுபடியும் அப்படியொரு காலம் வந்தால் எப்படிச் சமாளிப்பது?

பதில்: இன்னொரு கைபேசி வாங்கும்படி சொல்வது எளிது. அதற்கு முன், இருக்கும் கைபேசியில் எந்த வேலைகள் நடக்கின்றன என்று பிரித்துப் பாருங்கள். மருத்துவரிடம் பேசுவதும் ஆசிரியரிடம் சந்தேகம் கேட்பதும் எதிரில் ஒருவர் பதில் சொல்ல வேண்டிய வேலைகள். அவற்றுக்குக் கைபேசி தேவை. பாடத்தைப் பார்ப்பதும் கேட்பதும் அப்படியல்ல. அவற்றைத் தொலைக்காட்சிக்கும் பாடநூலுக்கும் முன்கூட்டியே பதிவிறக்கிய காணொளிக்கும் மாற்றிவிட்டால், பெரும்பாலான மோதல்கள் தாமாகவே குறைந்துவிடும்.

முதலில் மாமியாரின் சிகிச்சை. இந்தியாவில் தொலைமருத்துவத்துக்கான, அதாவது தொலைபேசியிலோ காணொளியிலோ மருத்துவம் பார்ப்பதற்கான நடைமுறை நெறிகள் 2020 மார்ச் 25 அன்று வெளியாயின. மத்திய அரசின் இலவசத் தொலைமருத்துவச் சேவையான இ-சஞ்சீவனியின் புறநோயாளர் பிரிவு அதே ஆண்டு ஏப்ரலில் தொடங்கியது. இந்த நெறிகளின்படி, பாராசிட்டமால் போன்ற எளிய மருந்துகளைக் குரல் அழைப்பிலேயே மருத்துவர் பரிந்துரைக்கலாம். ஏற்கெனவே நேரில் பார்த்து எழுதிய நீரிழிவு, ரத்த அழுத்த மருந்துகளைத் தொடரச் சொல்வதிலும் பெரிய தடையில்லை. ஆனால் அல்பிரசோலம் போன்ற மனமயக்க வகை தூக்க மாத்திரைகளைத் தொலைபேசி வழியே எழுதித் தர அனுமதியில்லை. அவற்றை மாமியார் எடுத்துக்கொள்பவராக இருந்தால், மாத்திரை தீரும் முன்பே நேரில் செல்லத் திட்டமிடுங்கள்.

மருத்துவரை அழைக்கும் முன், பழைய மருந்துச்சீட்டு, மாத்திரை அட்டைகள், கடைசி ரத்தச் சர்க்கரை அளவு, வீட்டில் கருவி இருந்தால் கடந்த சில நாட்களின் ரத்த அழுத்த அளவு ஆகியவற்றை ஒரே தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வரிசையில் காத்திருந்து கிடைக்கும் சில நிமிடங்களை மாத்திரையின் பெயரைத் தேடுவதில் செலவிடக் கூடாது. மாமியாரை அருகில் அமர்த்திக்கொண்டு பேசுவதும் முக்கியம். நோயாளி இல்லாமல் நீங்கள் மட்டும் பேசினால், அவர் சார்பில் பேச உங்களுக்கு ஒப்புதல் இருக்கிறதா என்று மருத்துவர் உறுதி செய்துகொள்ள வேண்டியிருக்கும். மருந்துச்சீட்டில் மருத்துவரின் பதிவு எண் இருக்க வேண்டும். இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மூச்சுக்குழாய்த் தொற்றுக்காலம் என்றால் விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் ஒன்று வீட்டில் இருப்பது நல்லது. கொரோனா காலத்தில், ஆக்சிஜன் அளவு 94 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் மருத்துவ உதவி தேவை என்பதே வீட்டுத் தனிமைக்கான அறிவுரையாக இருந்தது. சில நிமிடம் ஓய்வாக உட்கார்ந்த பிறகு, நகப்பூச்சோ மருதாணியோ இல்லாத, குளிர்ந்து போகாத விரலில் மாட்டி, எண் நிலைத்து நிற்கும் வரை பொறுத்துப் பார்க்க வேண்டும். கைபேசியின் கேமராவில் விரலை வைத்தால் ஆக்சிஜன் அளவைக் காட்டுவதாகச் சொல்லும் செயலிகளை நம்பிச் சிகிச்சை முடிவு எடுக்காதீர்கள். மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, குழப்பமான பேச்சு, உதடு நீலம்பாய்தல் ஆகியவை தோன்றினால் எந்தச் செயலியும் வேண்டாம்; 108ஐ அழையுங்கள். அவசரமில்லாத உடல்நலச் சந்தேகங்களுக்கு 104 இருக்கிறது. இரண்டுக்கும் சாதாரண பட்டன் போனே போதும்.

இனி படிப்பு. 2020 ஜூலையில் மத்திய அரசு வெளியிட்ட ‘பிரக்யதா’ நெறிகள், எட்டாம் வகுப்பு வரை ஒரு நாளைக்கு 30 முதல் 45 நிமிடம் கொண்ட இரண்டு நேரலை வகுப்புகளுக்கு மேல் கூடாது என்றும், ஒன்பது முதல் பன்னிரண்டு வரை நான்குக்கு மேல் கூடாது என்றும் வரம்பு வைத்தன. காலை முதல் மாலை வரை திரையைப் பார்த்தால்தான் படிப்பு என்பது பெற்றோர்களும் சில பள்ளிகளும் சேர்ந்து வளர்த்துக்கொண்ட எண்ணம். நேரலை வகுப்பில் சேர முடியாத நிலையை வகுப்பாசிரியரிடம் வெளிப்படையாகச் சொல்லி, பாடத்தைக் குரல்பதிவாகவோ குறிப்பாகவோ மாலையில் வாட்ஸ்அப்பில் அனுப்பக் கேளுங்கள்.

தமிழ்நாடு பள்ளிக் கல்வித்துறையின் கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்டில் தொடங்கியது. ஊரடங்கில் வகுப்புவாரியாகப் பாடங்களை ஒளிபரப்பியது. மாநிலப் பாடநூல்களில் அச்சிட்டிருக்கும் கியூஆர் குறியீட்டை மத்திய அரசின் கல்விச் செயலியான திக்‌ஷாவில் காட்டினால் அந்தப் பாடத்துக்கான காணொளிகள் திறக்கும். கணவர் வீடு திரும்பிய பின் இரவில் பதிவிறக்கி வைத்தால் மறுநாள் இணையம் இல்லாமலே பார்க்கலாம். தொலைக்காட்சியிடம் கேள்வி கேட்க முடியாது என்பதால், பிள்ளைகள் இருவரும் சந்தேகங்களைத் தனி நோட்டில் எழுதி, மாலையில் கைபேசி கைக்கு வந்ததும் ஆசிரியரிடம் கேட்கட்டும். அந்த நேரத்தைப் பங்கிடும்போது மகளுக்குரிய பங்கு குறையாமல் பாருங்கள். வீட்டு வேலையில் கை கொடுப்பவள் என்ற காரணத்தாலேயே கைபேசி கடைசியாகக் கைக்கு வரும் பெண்பிள்ளைகள் நம் ஊர்களில் ஏராளம்.

எந்த ஏற்பாடும் பள்ளிக்கு முழு ஈடாகாது. ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் தமிழ்நாட்டில் பள்ளிகள் திறந்தன. விடுபட்ட கற்றலை மீட்க அதற்குச் சில நாட்களுக்கு முன் ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டத்தை அரசு தொடங்க வேண்டியிருந்தது. ஆகவே மகன் எழுத்துக்கூட்டி வாசிப்பதையும் கணக்குப் போடுவதையும் தினமும் வீட்டில் ஒருவர் உட்கார்ந்து கேட்பது, எந்தக் காணொளியையும்விட முக்கியம்.

பலர் கவனிக்காத சிக்கல் ஓடிபி. கைபேசி கணவரிடம் இருந்தால், மாமியாரின் ஆலோசனைக்கான ஓடிபியும் அவருடனே வேலைக்குப் போய்விடும். வீட்டில் பழைய பட்டன் போன் இருந்தால், அதிலுள்ள எண்ணில் மருத்துவச் சேவைகளுக்குப் பதிவு செய்யுங்கள். இல்லையேல் ஆலோசனையைக் கணவர் வீட்டில் இருக்கும் நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். தடுப்பூசிப் பதிவு, நிவாரணத் தொகை என்று சொல்லி யாராவது அழைத்து ஓடிபி கேட்டால், அது எந்த எண்ணுக்கு வந்திருந்தாலும் சொல்லக் கூடாது என்பதை மாமியாருக்கும் பிள்ளைகளுக்கும் இப்போதே சொல்லி வையுங்கள்.