வைஸ் இல்லாத பெஞ்சு

வணக்கம். பிரெஞ்சுத் தச்சர் ரூபோ வரைந்துவைத்த தச்சுவேலை பெஞ்சைச் செய்துவிட வேண்டும் என்று ஆசை. அதன் மேல்பலகைக்கு வேண்டிய தடிமனில் பலகை விலை கேட்டு மலைத்துவிட்டேன். இரண்டு வருடமாகப் பணம் சேர்க்கிறேன். எந்த மரம் மலிவு? 6 அடி நீளம் போதுமா? பலகையைத் திருகி இறுக்கிப் பிடிக்க எந்த வைஸ் நல்லது?
க.

அன்புள்ள க.,

6 அடி போதும். மரம் நன்றாகக் காய்ந்ததாக, கனமாக இருந்தால் சரி. ஆனால் இரண்டு வருடமாக ஒரு பலகைகூட இழைக்கவில்லையா? எனக்குக் கோபம்தான் வருகிறது.

1769இல் வெளிவரத் தொடங்கிய நூலில் ரூபோ காட்டியது, நாள் முழுக்க ஆட்கள் நின்று வேலைசெய்த பட்டறையின் பெஞ்சு. 5, 6 அங்குலத் தடிமன் அவர்களுக்கு வேண்டியிருந்தது. உங்களுக்கு எதற்கு? 1812இல் இங்கிலாந்தில் பீட்டர் நிக்கல்சன் காட்டிய பெஞ்சைப் பாருங்கள். மெல்லிய பலகைகள்தான். மேல்பலகைக்குக் கீழே பக்கவாட்டில் அகலப் பலகையைச் செங்குத்தாக நிறுத்தி அடித்திருப்பார்கள். நிற்கும் பலகையின் அகலம் இரண்டு மடங்கானால் அது வளையாமல் தாங்கும் திறன் எட்டு மடங்காகும். பாதிச் செலவு அங்கேயே மிச்சம்.

அப்புறம் வைஸ். என் அப்பாவிடம் அது இருந்ததே இல்லை. பெஞ்சின் இடது கோடியில் ஒரு சதுரத் துளை, அதில் இறுக்கமாக ஒரு கட்டை. கீழிருந்து சுத்தியலால் ஒரு தட்டு தட்டினால் கட்டை அரை அங்குலம் தலைதூக்கும். பலகையை அதில் முட்டக் கொடுத்து இழைப்பார். நான் இழைத்தால் பலகை சுற்றிக்கொண்டு ஓடும். "மரம் ஓடலடா, நீ கோணலாத் தள்ளுற" என்பார். என் முழங்கையைப் பிடித்து இழைப்புளிக்கு நேர் பின்னால் கொண்டுவந்து வைப்பார். பலகை அசையாது. அவர் போய் வெகுகாலம் கழித்து ஹெர்குலேனியத்தின் சுவரோவியம் ஒன்றைப் படத்தில் பார்த்தேன். கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலை புதைத்த இத்தாலிய ஊர் அது. தாழ்வான பெஞ்சு, அதன் துளையில் செருகிய வளைந்த இரும்பு பலகையை அழுத்திப் பிடித்திருக்கிறது. அந்த இரும்புக்குத் தலையில் ஒரு அடி கொடுத்தால் பிடிக்கும், பின்னால் ஒரு தட்டு தட்டினால் விடும். திருகு கிடையாது. அப்பாவின் பெஞ்சருகே நிற்பது போலிருந்தது எனக்கு.

வைஸை ஆறு மாதம் கழித்து வாங்குங்கள், எந்தப் பக்கம் பொருத்துவது என்று அப்போது தெரிந்திருக்கும். இந்த வாரம் கையில் இருக்கும் பலகையில் ஒரு சதுரத் துளை போட்டு, கட்டையைச் செருகி இழையுங்கள். பலகை ஓடினால் எனக்கு எழுதுவதற்கு முன் உங்கள் முழங்கையைப் பாருங்கள்.