கவுண்டர் ஸ்ட்ரைக் துப்பாக்கி கேம்ல சிடி சைடு (பாம் வைக்க வர்றவங்களத் தடுக்கற டீம்) ஆடும்போது ஹெல்மெட் வாங்கணுமா வேணாமான்னு கேம் தியரி வெச்சு முடிவு பண்ண முடியுமா?

தாராளமா முடியும், கேம் தியரின்னா எதிரி என்ன செய்வான்னு கணக்குப் போட்டு நம்ம முடிவ எடுக்கறதுதான். நீங்க கேக்கற தோரணையப் பாத்தா டீம்ல யாரோ "ஏய்ம் இருந்தா போதும், கணக்கெல்லாம் எதுக்கு"ன்னு ஓட்டிருப்பாங்க போல. காலேஜ் டீம்ல எனக்கும் இதே பாட்டுதான், அதான் டைப் பண்ண உக்காந்துட்டேன்.

கேம் காசுல வெறும் வெஸ்ட் (உடம்புக் கவசம்) 650, ஹெல்மெட்டோட சேத்து 1000. மிச்சமாகற 350ல ஒரு ஸ்மோக் (புகை குண்டு) வரும். ஏகே-47 தலைல ஒரு குண்டு பட்டா ஹெல்மெட் இருந்தாலும் ஆள் அவுட்டு, ஆனா மேக்-10, கலில் மாதிரி விலை கம்மி துப்பாக்கிக்கு ஹெல்மெட் இருந்தா ஒரே குண்டுல சாக மாட்டீங்க. அப்ப ஏகே வந்தா ஹெல்மெட் தண்டம்தான், சரி, ஆனா நீங்க எப்பவுமே மொட்டைத் தலையோட வர்றீங்கன்னு எதிரிக்குத் தெரிஞ்சிட்டா அவன் எதுக்கு 2700 போட்டு ஏகே வாங்கறான், 1050க்கு மேக்-10 எடுத்துட்டு மூஞ்சிக்கு நேரா ஓடி வருவான், கில்லுக்கு 600 வேற கெடைக்கும்.

சும்மா ஒரு கணக்குக்கு நம்ம ஜெயிக்கற சான்ஸ சதவீதத்துல வெச்சுக்குங்க: ஏகேக்கு எதிரா ஹெல்மெட் இல்லாம 55, இருந்தா 50, மேக்-10க்கு எதிரா இல்லாம 45, இருந்தா 70. எதிரிக்கு ரெண்டு துப்பாக்கியும் ஒண்ணுதான்னு ஆகணும்னா நீங்க மூணுல ஒரு ரவுண்டு ஹெல்மெட் போடணும். இந்த நம்பரெல்லாம் நானே போட்டது, "டேட்டா எங்க"ன்னு கெளம்பி வராதீங்க, வழிமுறைய மட்டும் பாருங்க.

ஒரு ஃபெஸ்ட் மேட்ச்ல, மிராஜ் மேப், அவனுங்க வரிசையா ஜெயிச்சு ஏகே வாங்கற அளவுக்குக் காசு வெச்சிருந்தானுங்க, கண்டிப்பா ஏகேதான்னு ஹெல்மெட் வேணாம் ஸ்மோக்கும் பாம டிஃப்யூஸ் பண்ற கிட்டும் எடுங்கடான்னேன். கத்துனானுங்க. எடுத்தோம், ஜெயிச்சோம். அடுத்த ரவுண்டு "இப்ப எல்லாரும் ஹெல்மெட் போடுங்க"ன்னேன், ஏன்னா அஞ்சு பேரும் செத்து ஏகேயெல்லாம் போச்சு, தோத்தவனுக்கு வந்தது வெறும் 1400, பொறுமை இல்லாத டீம்னா இருக்கற காசுக்கு மலிவா வாங்கிட்டு வர்ற ஃபோர்ஸ் பைதான். சொன்ன மாதிரியே அபார்ட்மெண்ட்ஸ் வழியா மேக்-10ஓட கொட்டுனானுங்க, பாம் வைக்கற பி சைட்ல இருந்த நம்ம ஆளுக்குத் தலைலயே பட்டும் உயிரோட நின்னு மூணு பேர எடுத்தான். வேணாம்னு கத்துனவனே அவன்தான்! லக்குன்னு சொல்றவங்க சொல்லிக்கட்டும்.

இதுல கடுப்பு என்னன்னா, காலேஜ்ல கேம் தியரியையே எலெக்டிவா எடுத்தேன், செமஸ்டர் முழுக்க ரெண்டு கைதி கதைய ஸ்லைடப் பாத்துப் படிச்சாரு ஒரு சாரு, எக்ஸாம்ல டெஃபனிஷன் எழுதச் சொன்னாங்க. வான் நாய்மன் 1928லயே நிரூபிச்ச மினிமேக்ஸ் (எதிரி எது செஞ்சாலும் நமக்கு வர்ற மோசமான முடிவ முடிஞ்ச அளவு நல்லதாக்கற வழி) இருக்கே, ஒருத்தன் ஜெயிச்சா இன்னொருத்தன் தோக்கற ஆட்டத்துக்கு அதுவே போதும், அதப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. அட்டெண்டன்ஸ் மட்டும் கரெக்டா எடுப்பாரு.

ஆங், எதிரி காசு உங்க ஸ்க்ரீன்ல தெரியாது, யார் எத்தன ரவுண்டு தோத்தாங்கன்னு எண்ணிக்கிட்டே வாங்க, அது தெரிஞ்சா பாதி நேரம் சில ரவுண்டு போட்டு சில ரவுண்டு போடாம மிக்ஸ் பண்ணவே தேவைப்படாது. டீகிள் (டெசர்ட் ஈகிள் பிஸ்டல்) பத்திக் கேக்காதீங்க, 700 ரேட்டுக்கு அது ஹெல்மெட்டையும் தாண்டிப் போடும், அதுக்கு மேல போட்ட மாதிரி தனிக் கணக்கு போடணும்.