ஊசியில் வண்டு, ஓவியத்தில் புழு

கேள்வி: அருங்காட்சியகங்களில் நிஜப் பூச்சிகளே ஊசி குத்தி அடுக்கடுக்காக இருக்கும்போது, பழைய பூச்சி ஓவியங்களை எதற்கு இவ்வளவு பத்திரப்படுத்துகிறார்கள்?
- வாசகி, கும்பகோணம்

பதில்: இரண்டும் சொல்வது வேறு வேறு விஷயம். வண்டுக்கு நடுவில் ஊசி குத்தமாட்டார்கள், வலப்பக்க மேலிறகில்தான் குத்துவார்கள். இனம் கண்டுபிடிக்க உதவும் நடுப்பகுதி அடையாளங்கள் சிதையக்கூடாதே! கீழே ஒரு சின்னச் சீட்டில் பிடித்த இடம், தேதி, பிடித்தவர் பெயர். அந்தச் சீட்டு தொலைந்தால் எவ்வளவு அழகான பூச்சியானாலும் ஆய்வுக்குப் பெரிதாக உதவாது.

சரி, புழுக்கள்? காய்ந்தால் சுருங்கிவிடும், ஆல்கஹாலில் போட்டால் நிறம் போய்விடும். அங்கேதான் ஓவியம் வேண்டும். ஜெர்மனியில் பிறந்த பூச்சி ஓவியர் மரியா சிபில்லா மெரியன் 1699-இல், 52 வயதில், இளைய மகளோடு தென் அமெரிக்காவின் சுரினாமுக்குக் கப்பலேறினார். 1705-இல் வந்த அவருடைய நூலில் 60 ஓவியங்கள். புழு, கூட்டுப்புழு, பட்டாம்பூச்சி என்று ஒரு உயிரின் வாழ்க்கையையே ஒரே செடியில், கடித்த இலை ஓட்டைகளோடு வரைந்திருப்பார். அங்கே அடிமைப்பட்டுக் கிடந்தவர்களும் பழங்குடிகளும்தான் அவருக்குப் பல பூச்சிகளைத் தேடிக் கொடுத்தார்கள், செடிகளின் பயனையும் சொன்னார்கள். அவர்கள் பெயர்களை அவர் எழுதி வைக்கவில்லை என்பதுதான் எனக்கு ஆறாத வருத்தம்.