டெக்சஸில் இடுப்பில் துப்பாக்கி: கேட்டவர்களுக்குப் பதில்

டாலஸ் பக்கத்தில் கேஸ் ஸ்டேஷனும் அதை ஒட்டி ஒரு கடையும் நடத்துகிறேன். சிட்டிசன்ஷிப் வாங்கிய பிறகு கைத்துப்பாக்கி லைசென்ஸும் எடுத்தேன். புதிதாக வந்திறங்கும் நம்மவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான். தெரிந்ததைச் சொல்கிறேன். நான் வக்கீல் இல்லை. கேஸ் என்று வந்துவிட்டால் வக்கீலிடம்தான் போக வேண்டும்.

இர்விங்கில் வேலைக்கு வந்திருக்கும் ஒரு தம்பி: கடையில் பில் போட நிற்கிறேன். எனக்கு முன்னால் அரைக்கால் சட்டை, ரப்பர் செருப்போடு ஒருவர், இடுப்பில் துப்பாக்கி. போலீஸ் மாதிரியும் தெரியவில்லை. இதெல்லாம் சட்டப்படி சரியா அண்ணா?

சரிதான் தம்பி. நம்புவது கஷ்டம், ஆனால் கைத்துப்பாக்கியை வெளியே தெரிய வைத்துக்கொண்டு நடப்பதற்கு இதே டெக்சஸில் 1871 முதல் தடை இருந்தது. லைசென்ஸ் உள்ளவர்கள் அப்படி நடக்கலாம் என்று ஆனது 2016 ஜனவரி 1 அன்றுதான். 2021 செப்டம்பர் 1 முதல் லைசென்ஸும் தேவையில்லை. சட்டத்தில் எழுதியிருப்பது 21 வயது, ஆனால் 18 முதல் 20 வயதுள்ளவர்களை வயதை மட்டும் காட்டித் தடுக்கக் கூடாது என்று 2022-ல் ஒரு மத்திய நீதிமன்றம் சொல்லிவிட்டது. சட்டம் தடுத்த ஆளாக இருக்கக் கூடாது, வெளியே தெரிந்தால் ஹோல்ஸ்டரில், அதாவது உறையில், இருக்க வேண்டும். வேடிக்கை என்னவென்றால், ரைபிளைத் தோளில் மாட்டிக்கொண்டு நடக்க அந்தக் காலத்திலும் தடை இல்லை. சின்னதற்குத் தடை, பெரியதற்கு இல்லை!

ஃப்ரிஸ்கோவிலிருந்து ஓர் அம்மா: அப்படி ஒருவரைப் பார்த்தால் 911 அவசர எண்ணுக்குப் போன் பண்ணலாமா? பண்ணினால் போலீஸ் என்ன செய்யும்?

தாராளமாகப் பண்ணலாம் அம்மா, தப்பே இல்லை. ஆனால் எடுத்ததும் அவர்கள் கேட்பது, துப்பாக்கி உறையில் இருக்கிறதா, கையில் இருக்கிறதா, யாரையாவது மிரட்டுகிறாரா என்று. நீங்களும் அதைத்தான் கவனிக்க வேண்டும். உறையில் வைத்துக்கொண்டு பால் வாங்குகிறவர் குற்றவாளி இல்லை. அதையே உருவிக் கையில் பிடித்தாலோ, பிறர் பயப்பட வேண்டும் என்றே காட்டினாலோ, அது குற்றம். பார்த்ததை மட்டும் சொல்லுங்கள். "துப்பாக்கியோடு ஒருத்தன் சுற்றுகிறான்" என்று பதறினால் வருகிற போலீஸும் பதறித்தான் வரும்.

ஓப்பன் கேரி, அதாவது துப்பாக்கியை வெளியே தெரிய வைத்துக்கொண்டு நடப்பது, சட்டப்படி சரியாக உள்ள மாநிலத்தில், துப்பாக்கி தெரிகிறது என்பதற்காக மட்டும் ஒருவரைப் பிடித்து வைக்க முடியாது. ஒஹையோவின் டொலீடோவில் 2010-ல் நடந்த ஒரு வழக்கு இதற்கு நல்ல உதாரணம். ஒருவர் மனைவி, மகள், பேரனோடு நாயைக் கூட்டிக்கொண்டு நடக்கிறார். இடுப்பில், செல்போனுக்குப் பக்கத்தில் துப்பாக்கி. மோட்டார் சைக்கிளில் போன ஒருவர் நிறுத்தி, இப்படியெல்லாம் நடக்கக் கூடாது என்று கத்திவிட்டு 911-ஐ அழைத்தார். போலீஸ் வந்து துப்பாக்கியை வாங்கி, கைவிலங்கு மாட்டியது. அவர் வழக்குப் போட, 2015-ல் ஆறாவது வட்ட மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது: மாநிலம் அனுமதித்த ஒன்றைச் செய்வதையே சந்தேகத்துக்குக் காரணமாகக் காட்ட முடியாது.

அதற்காகப் போலீஸ் வந்து பேசவே கூடாது என்றில்லை. பேசலாம், கேட்கலாம். அவர் பதில் சொல்லாமல் நடையைக் கட்டவும் செய்யலாம்.

கார்லண்டில் கடை வாங்கியிருப்பவர்: என் கடைக்குள் துப்பாக்கி வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை உண்டா? வம்பு வருமா?

உண்டு. உங்கள் இடம், உங்கள் முடிவு. சொல்லப் போனால் இந்த ஊரில் போலீஸைவிடக் கடைவாசல் போர்டுக்குத்தான் அன்றாடம் வேலை அதிகம். ஆனால் ஏதோ ஒரு துப்பாக்கிப் படத்தைக் குறுக்குக் கோடு போட்டு ஒட்டினால் போதும் என்று நினைக்காதீர்கள். சட்டப் பிரிவின் எண்தான் இங்கே போர்டின் பெயர். லைசென்ஸ் வைத்திருப்பவர் மறைத்துக் கொண்டுவருவதைத் தடுக்க 30.06 போர்டு. அவரே வெளியே தெரியக் கொண்டுவருவதைத் தடுக்க 30.07. லைசென்ஸ் இல்லாதவருக்கு 30.05. முழுத் தடை வேண்டுமென்றால் மூன்றும் வேண்டும். 06-க்கும் 07-க்கும் சட்டம் சொன்ன வாசகம் அப்படியே, ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும், எழுத்து ஒவ்வொன்றும் குறைந்தது ஓர் அங்குல உயரத்தில் இருக்க வேண்டும். பின்பக்கம் ஒரு கதவு இருந்தால் 07 அங்கேயும் வேண்டும். மூன்றையும் ஒட்டினால் கண்ணாடிக் கதவில் லாட்டரி விளம்பரத்துக்கு இடம் இருக்காது, அது வேறு விஷயம்.

போர்டை மீறி வந்தால் அபராதம் 200 டாலர் வரை. நேரில் சொல்லியும் போக மறுத்தால் கதை மாறும்: ஒரு வருடம் வரை சிறை, 4,000 டாலர் வரை அபராதம். ஆகவே வாயால் சொல்வதற்கும் சட்ட பலம் உண்டு.

என் கடையில் 07 மட்டும்தான் இருக்கிறது. மறைத்து வைத்திருப்பவரை நான் தேடிப் போவதில்லை. காலையில் காபி வாங்க வரும் ஒரு பெரியவர் போர்டைப் பார்த்தார், இடுப்பைத் தட்டிப் பார்த்தார், பிக்கப் வண்டிக்குத் திரும்பிப் போய் வைத்துவிட்டு வந்து, "அடுத்த தடவை சட்டையை வெளியே விட்டுக்கொள்கிறேன்" என்றார். பெரும்பாலும் இவ்வளவுதான் நடக்கும். முறைக்கிறவர்களும் உண்டு. போர்டு வைத்த கடைகளைப் பட்டியல் போட்டுப் பகிர்ந்துகொள்கிறவர்களும் உண்டு. கவுண்டரில் நிற்கும் பையனுக்கு ஒன்று சொல்லி வையுங்கள்: மரியாதையாக ஒருமுறை கேள், கேட்கவில்லை என்றால் வாக்குவாதம் வேண்டாம், உள்ளே போய்ப் போலீஸைக் கூப்பிடு.

அவரே மறுபடியும்: பெரிய கடைகள் என்ன செய்கின்றன?

பெரும்பாலும் கைகூப்பிக் கேட்டுக்கொள்கின்றன. 2013-ல் ஸ்டார்பக்ஸ் தலைவர் ஹோவர்ட் ஷுல்ட்ஸ், துப்பாக்கியோடு வர வேண்டாம் என்று கடிதமே எழுதினார். தடை அல்ல, வேண்டுகோள் என்பதையும் சேர்த்துச் சொன்னார். டார்கெட் 2014-ல் அதே வழி. எல் பாசோ வால்மார்ட்டில் 2019 ஆகஸ்டில் ஒருவன் சுட்டு 23 பேர் செத்தார்கள். அடுத்த மாதமே வால்மார்ட்டும், வெளியே தெரியக் கொண்டுவராதீர்கள் என்று கேட்டுக்கொண்டது. க்ரோகரும் சேர்ந்தது. கேட்டுக்கொள்வதற்கும் 07 ஒட்டுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. வேண்டுகோளை மீறினால் மட்டும் குற்றம் ஆகாது. இரண்டு பக்க வாடிக்கையாளரையும் இழக்க மனமில்லை, அதுதான் காரணம்.

ஹெச்1பி வேலை விசாவில் இருக்கும் ஒருவர்: ஆபீஸ் நண்பர்கள் துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்குக் கூப்பிடுகிறார்கள். சும்மா சுட்டுப் பார்க்கலாமா?

வேண்டாம். இதில் மட்டும் நான் கறாராகத்தான் இருப்பேன். ஹெச்1பி, ஹெச்4, எஃப்1, எல்1 போன்ற தற்காலிக விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது மத்தியச் சட்டப்படி குற்றம். டெக்சஸ் எவ்வளவு தாராளமாக இருந்தாலும் இது மாறாது. ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துப் பத்து நிமிடம் பிடித்தாலும் வைத்திருந்ததாகத்தான் கணக்கு. தண்டனை 15 ஆண்டு வரை; நாடு கடத்தலும் உண்டு. முறையான வேட்டை லைசென்ஸ் இருந்தால் விலக்கு உண்டு என்பது உண்மை. அதை நம்பிப் போவதற்கு முன் குடியேற்ற வக்கீலிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். கிரீன் கார்டு வந்தவர்களுக்கு இந்தத் தடை இல்லை. கணவர் சிட்டிசன், மனைவி ஹெச்4 என்றால், பெட்டகச் சாவி கணவரிடம் மட்டும் இருக்கட்டும்.

ஒரு மாணவி: காம்பஸில்?

அரசுப் பல்கலைக்கழகங்களில் 2016 ஆகஸ்ட் 1 முதல் லைசென்ஸ் உள்ளவர் மறைத்துக் கொண்டுவரலாம். வெளியே தெரியக் கூடாது. தெரிந்தால் காம்பஸ் போலீஸைக் கூப்பிடுங்கள்.

கோயில் கமிட்டியில் இருப்பவர்: கோயிலில் தானாகவே தடை இருக்கிறதுதானே?

இல்லை. 2019 முதல் வழிபாட்டுத் தலமும் மற்ற இடங்கள் மாதிரிதான். வேண்டாம் என்றால் நீங்கள்தான் போர்டு வைக்க வேண்டும், அல்லது வருபவரிடம் சொல்ல வேண்டும். "செருப்பை இங்கே விடவும்" பலகைக்குப் பக்கத்தில் இதையும் மாட்டிவிடுங்கள்.

கிரீன் கார்டு வாங்கிய ஒருவர்: நானும் வெளியே தெரிய வைத்துக்கொண்டால் பாதுகாப்புதானே? திருடன் பயப்படுவானே?

சட்டம் அனுமதிக்கிறது. நான் செய்யமாட்டேன். 2016 ஜூலை 7 அன்று டாலஸ் பேரணியில் சிலர் ரைபிளோடு நடந்தார்கள், சட்டப்படிதான். சுடுகிறவன் சுட ஆரம்பித்ததும் யார் எவர் என்று தெரியாமல் போனது. ஐந்து போலீஸ்காரர்கள் இறந்தார்கள். ரைபிளோடு நடந்த ஒரு கறுப்பினத்தவரின் படத்தைச் சந்தேக நபர் என்று போலீஸே வெளியிட்டது. அவர் துப்பாக்கியை ஒரு போலீஸ்காரரிடம் ஒப்படைத்துவிட்டார், குற்றமற்றவர் என்று விடுவித்தார்கள். அதற்குள் அந்தப் படம் ஊரெல்லாம் சுற்றிவிட்டது.

ஒஹையோ பீவர்கிரீக் வால்மார்ட்டில் 2014-ல் நடந்தது இன்னும் மோசம். 22 வயது கறுப்பின இளைஞர் கடை அலமாரியில் கிடந்த காற்றுத் துப்பாக்கியைக் கையில் எடுத்து, போனில் பேசியபடி நடந்தார். இன்னொரு வாடிக்கையாளர் 911-ஐ அழைத்தார். போலீஸ் வந்ததும் சுட்டுவிட்டது. ஒஹையோவும் ஓப்பன் கேரி மாநிலம்தான். யார் கையில் துப்பாக்கி இருக்கிறது என்பதைப் பொறுத்துப் பார்க்கிற கண் மாறுகிறது. நம் நிறத்தையும் அந்தக் கண்தான் பார்க்கும். கலிபோர்னியாவில் 1967-ல் ரீகன் கவர்னராக இருந்தபோது பொது இடத்தில் தோட்டா நிரப்பிய துப்பாக்கிக்குத் தடை வந்ததே, கறுஞ்சிறுத்தைகள் என்ற கறுப்பின உரிமை அமைப்பினர் துப்பாக்கியோடு ரோந்து போனதால்தான்.

கடைசியாக ஒருவர்: வண்டியில் துப்பாக்கி இருக்கும்போது போலீஸ் நிறுத்தினால்?

இரண்டு கையும் ஸ்டீயரிங் மேல். இரவென்றால் உள்விளக்கைப் போடுங்கள். அடையாள அட்டை கேட்டால், துப்பாக்கி லைசென்ஸ் உள்ளவர் டிரைவிங் லைசென்ஸோடு அதையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். துப்பாக்கி எங்கே இருக்கிறது என்று வாயால் சொல்லுங்கள், கையால் காட்டாதீர்கள். பத்திரத்துக்காக அவர் அதைக் கொஞ்ச நேரம் வாங்கி வைத்துக்கொள்ளலாம். பேச்சு முடிந்ததும் திருப்பித் தருவார். இன்சூரன்ஸ் தாளைத் துப்பாக்கி இருக்கும் அதே பெட்டியில் மட்டும் வைக்காதீர்கள்.