வாசகர் கேள்விகள்: முதல் கேப்டனின் கடைசிக் காய்ச்சல்

போன இதழில் ஒரு வாசகர், இரண்டு நாடுகள் அதிகாரபூர்வமாக மோதிய முதல் கால்பந்து ஆட்டம் எது என்று கேட்டிருந்தார். 1872-ல் கிளாஸ்கோவில் ஸ்காட்லாந்தும் இங்கிலாந்தும் ஆடியது என்று எழுதிவிட்டு, அதில் இங்கிலாந்து கேப்டனாக இருந்த கத்பர்ட் ஆட்டவே, ஒரு இரவு நடனம் ஆடிவிட்டு வந்து படுத்தவர் 27 வயதிலேயே இறந்துபோனார் என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். அந்த ஒரு வரிக்குத்தான் இத்தனை கடிதங்கள். அதனால் இந்த முறை பக்கம் முழுக்க அவரும் அவர் காலத்து ஆட்டக்காரர்களும்தான்.

கேள்வி: அண்ணாச்சி, இப்படி ஒரே வரியில் முடித்துவிட்டீர்களே! அவர் வாழ்க்கையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள். என் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்ட வேண்டும்.
– உடற்கல்வி ஆசிரியர், பாளையங்கோட்டை

தாராளமாக வாசித்துக் காட்டுங்கள் சார். கத்பர்ட் ஆட்டவே 1850 ஜூலை 19-ல் இங்கிலாந்தின் தென்கிழக்குக் கடலோரத் துறைமுக ஊரான டோவரில் பிறந்தவர். அப்பா மருத்துவர், அந்த ஊர் மேயராகவும் இருந்தவர். வீட்டுக்கு ஒரே பிள்ளை. ஈட்டன் பள்ளியில் உதவித்தொகை பெற்றுப் படித்தார், அப்புறம் ஆக்ஸ்ஃபோர்டில் பிரேஸ்நோஸ் கல்லூரி. படிப்பில் கெட்டி. ஆட்டத்தில் எதைத் தொட்டாலும் தேறிவிடுகிற கை, கால். ஆக்ஸ்ஃபோர்டுக்காகக் கால்பந்து, கிரிக்கெட், ராக்கெட்ஸ் (மட்டையால் பந்தைச் சுவரில் அடித்து ஆடுவது), ரியல் டென்னிஸ் (இன்றைய டென்னிஸுக்கு முந்தின பழைய ஆட்டம்), தடகளம் என்று ஐந்து விளையாட்டுகளில் இறங்கியிருக்கிறார். 1869-ல் லார்ட்ஸ் மைதானத்தில் ஹாரோ பள்ளிக்கு எதிராக ஈட்டனுக்காக 108 ரன். 1872 கோடையில் ஒரு கிரிக்கெட் அணியோடு கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் கப்பலேறிப் போனார். கூடப் போனவர் அந்தக் காலத்தின் மிகப் பெரிய கிரிக்கெட் ஆட்டக்காரர் டபிள்யூ. ஜி. கிரேஸ்; அவரோடு சேர்ந்து ஆட்டத்தைத் தொடங்கும் இடம் ஆட்டவேக்குக் கிடைத்தது. அந்தப் பயணத்தில் ஒன்டாரியோவின் ஹாமில்டன் ஊரில் பழக்கமான ஸ்டின்சன் குடும்பத்துப் பெண் மரியனைத்தான் 1877-ல் கல்யாணம் செய்துகொண்டார்.

கப்பலை விட்டு இறங்கிய அதே வருஷம், நவம்பர் 30-ம் தேதி, கிளாஸ்கோ பக்கம் பார்ட்டிக்கில் ஒரு கிரிக்கெட் மைதானத்தில் அந்த முதல் ஆட்டம். மழை பெய்து தரை சொதசொதவென்று கிடந்தது. ஒரு ஷில்லிங் கொடுத்து ஏறக்குறைய 4,000 பேர் பார்க்க வந்தார்கள். ஸ்காட்லாந்து அணியில் பதினொரு பேரும் குயின்ஸ் பார்க் என்ற ஒரே சங்கத்துக்காரர்கள். இங்கிலாந்து அணியைத் திரட்டியவர் அந்நாட்டுக் கால்பந்துச் சங்கச் செயலாளர் சார்லஸ் ஆல்காக். அவருக்கு அடிபட்டிருந்ததால் ஆட முடியாமல் ஓரத்தில் நடுவராக நின்றார், கேப்டன் பொறுப்பு 22 வயது ஆட்டவேயிடம் வந்தது. யாரும் கோல் போடவில்லை, 0-0. பந்தைக் காலை விட்டு நழுவவிடாமல் ஆளாளாக ஏய்த்துக்கொண்டு போவதில் ஆட்டவேக்கு நல்ல பெயர். அந்தக் காலத்து இங்கிலாந்து ஆட்டமே அதுதான், எட்டுப் பேர் முன்னால் நின்று முட்டுவார்கள். கோல்கம்பத்துக்கு மேலே கட்டை கிடையாது, நாடாதான் கட்டியிருப்பார்கள். ஸ்காட்லாந்துக்காரர்கள் அடித்த ஒரு பந்து அந்த நாடாவில்தான் போய்ப் பட்டது. கட்டை வந்ததெல்லாம் பிற்பாடு.

1874 மார்ச் 7-ல் மறுபடியும் ஸ்காட்லாந்துக்கு எதிராகக் கேப்டன், 2-1 என்று தோல்வி. சரியாக ஒரு வாரம் கழித்து ஆக்ஸ்ஃபோர்டு அணியைக் கூட்டிக்கொண்டு போய், இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் நடத்தும் எஃப். ஏ. கோப்பையை வென்றார். அடுத்த வருஷம் பழைய ஈட்டன் மாணவர் அணிக்காக இறுதி ஆட்டத்தில் இறங்கி, அடிபட்டு வெளியேறினார். பெரிய கால்பந்து ஆட்டங்கள் அத்தோடு சரி. பிறகு சட்டம் படித்து பாரிஸ்டர் ஆனார்.

கல்யாணம் முடிந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. 1878-ல் ஓர் இரவு நடனத்துக்குப் போய் வந்தவருக்குக் குளிர் கண்டது, நெஞ்சில் இறங்கிவிட்டது. ஏப்ரல் 2-ம் தேதி லண்டன் வீட்டில் இறந்துபோனார். மனைவி அப்போது கர்ப்பிணி. மகள் பிறந்தது அவர் போன பிறகு. இந்த இடத்தைப் பிள்ளைகளுக்கு வாசிக்கும்போது அவசரப்படாமல் வாசியுங்கள் சார். ஐந்து விளையாட்டு ஆடிய உடம்பு அது. படுக்கையில் விழுந்தபோது அதைக் காப்பாற்ற யார் கையிலும் ஒன்றும் இருக்கவில்லை.

கேள்வி: என் பையனுக்கு 14 வயது. சாயங்காலம் பந்து ஆடிவிட்டு வேர்த்த உடம்போடு நேரே ஆற்றில் போய் விழுகிறான். நீங்கள் எழுதியதை வாசித்ததிலிருந்து எனக்கு உறக்கமே இல்லை. வேர்வையோடு குளித்தால் இப்படி ஆகுமா?
– ஒரு தாய், அம்பாசமுத்திரம்

முதலில் நிம்மதியாக உறங்குங்கள் தாயே. வேர்த்த உடம்போடு தாமிரபரணியில் குளித்ததால், நெஞ்சில் இறங்கிவிட்டது என்று சொல்கிறோமே, அந்த நிமோனியா என்ற நுரையீரல் நோய் வராது. அந்த நோய்க்குக் காரணம் கிருமி. ஆட்டவே காலத்தில் பெரும்பாலோருக்கு இது தெரியாது, அதனால்தான் நனைந்தான், பனியில் நின்றான், ஆடிக் களைத்து வந்தான் என்று குளிர் மேலேயே பழியைப் போட்டார்கள். நம் வீடுகளில் "தலையில் பனி இறங்கிவிட்டது" என்று இன்றைக்கும் சொல்கிறோமே, அந்த மாதிரிதான். நிமோனியாவுக்கு முக்கியமான காரணமான நிமோகாக்கஸ் கிருமியை ஃபிரான்ஸில் பாஸ்டரும் அமெரிக்காவில் ஸ்டெர்ன்பெர்க்கும் தனித்தனியாகக் கண்டது 1881-ல், ஆட்டவே இறந்து மூன்று வருஷம் கழித்து. அதை அடக்குகிற சல்ஃபா மருந்து வர 1930-கள் ஆயின, பெனிசிலின் எல்லோருக்கும் கிடைக்க 1940-கள்.

அது வரைக்கும் என்ன செய்வார்கள் என்றால், ஆளிவிதையை அரைத்துச் சுடச்சுடத் துணியில் வைத்து நெஞ்சில் பற்றுப் போடுவார்கள், கொஞ்சம் பிராந்தி கொடுப்பார்கள், பக்கத்தில் உட்கார்ந்து நாளை எண்ணுவார்கள். ஒரு வாரம் வாக்கில் ஒரு ராத்திரி காய்ச்சல் குப்பென்று வேர்த்து இறங்கினால் ஆள் பிழைத்தார், இறங்காவிட்டால் போனார். மருத்துவர் மகன்தான் ஆட்டவே, அவருக்கும் அதே கதிதான்.

உங்கள் பையனைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டியது வேறு இடத்தில். காய்ச்சல் மூன்று நாளுக்கு மேல் விடாமல் அடிக்கிறது, மூச்சு வேகமாக வாங்குகிறது, மூச்சை இழுக்கும்போது நெஞ்சில் குத்துகிறது, சளியில் துருப்பிடித்த நிறமோ ரத்தமோ தெரிகிறது என்றால், கஷாயம் கொடுத்துப் பார்ப்போம், நாளைக்குப் பார்ப்போம் என்று இருக்காதீர்கள். உள்ளூர் ஆஸ்பத்திரிக்கோ பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்கோ உடனே கூட்டிக்கொண்டு போங்கள். மெடிக்கலில் கேட்டு நாமாக ஆன்டிபயாடிக் வாங்கிப் போடுவதும் கூடாது. எது, எத்தனை நாள் என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆற்றைப் பற்றிப் பயப்படுவதானால் சுழலுக்கும் வெள்ளத்துக்கும் பயப்படுங்கள், அது நியாயமான பயம்.

கேள்வி: 1878-ல் நம் ஜனங்கள் பஞ்சத்தில் கொத்துக்கொத்தாகச் செத்துக்கொண்டிருந்தார்கள். நடனம் ஆடிச் செத்த ஒரு வெள்ளைக்காரனுக்கு நம் பத்திரிகையில் எதற்கு இரங்கல்?
– ஒரு வாசகர், சங்கரன்கோவில்

உங்கள் கோபம் நியாயமானது, அதைக் குறைத்துப் பேச எனக்கு மனசு வரவில்லை. 1876-ல் மழை பொய்த்துத் தொடங்கிய தாது வருஷப் பஞ்சம் 1878 வரைக்கும் சென்னை மாகாணத்தைப் பிழிந்தெடுத்தது. செத்தவர்கள் பல லட்சம். பசியிலும் போனார்கள், பின்னாலேயே வந்த காலராவிலும் காய்ச்சலிலும் போனார்கள். தானியம் கப்பலேறிக்கொண்டே இருந்தது. 1877 ஜனவரி 1-ல் வைஸ்ராய் லிட்டன் பிரபு டெல்லியில் தர்பார் நடத்தினார். அதே வருஷம் பஞ்ச நிவாரணத்தைப் பார்க்க அரசாங்கம் அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள் வந்து, நிவாரண வேலைக்குப் போகிறவனுக்கு நாள் ஒன்றுக்கு ஒரு பவுண்டு தானியம் போதும் என்று கூலியை வெட்டினார். அரைக் கிலோவுக்கும் குறைவு. அதைத் தின்றுவிட்டு வெயிலில் மண் சுமக்க வேண்டும். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

ஆனால் அந்தப் பாவத்தை லண்டனில் புதிதாகக் கல்யாணம் செய்து, பிள்ளைக்குக் காத்திருந்த 27 வயசுக்காரன் தலையில் ஏற்ற என்னால் முடியாது. இன்னொரு காரணமும் உண்டு. ஆட்டவே பிறந்த தேதி தெரியும், எந்த ஆட்டத்தில் எத்தனை ரன் எடுத்தார் என்பது தெரியும், புதைத்த இடம் தெரியும், ஏனென்றால் எழுதி வைத்தார்கள். தாது வருஷத்தில் போன நம் ஆட்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்குப் பெயர்கூட மிஞ்சவில்லை. உங்கள் வீட்டில், உங்கள் தாத்தாவோ ஆச்சியோ தங்கள் பெரியவர்கள் சொல்லக் கேட்டதாக அந்தப் பஞ்சத்தைப் பற்றி ஏதாவது சொல்லியிருந்தால் எழுதி அனுப்புங்கள். ஊர்ப் பெயர், கஞ்சித்தொட்டி இருந்த இடம், இலங்கைத் தோட்டத்துக்குப் போனவர் பெயர், எதுவானாலும் சரி. இந்தப் பத்திரிகையில் அதற்குக் கட்டாயம் இடம் உண்டு.

கேள்வி: அந்தக் காலத்து ஆட்டக்காரர்களில் இந்தியாவில் பிறந்தவர்கள் யாராவது உண்டா?
– கல்லூரி மாணவி, வண்ணார்பேட்டை

நல்லாக் கேட்டீங்க! உண்டு, அதுவும் பெரிய இடத்தில். முதல் ஆட்டம் 0-0 என்று சொன்னேன் அல்லவா, அப்படியானால் சர்வதேசக் கால்பந்தின் முதல் கோல் இரண்டாவது ஆட்டத்தில்தான் விழுந்திருக்க வேண்டும். 1873 மார்ச் 8, லண்டன் ஓவல் மைதானம். ஆட்டம் தொடங்கிய சூட்டோடு அந்தக் கோலைப் போட்ட வில்லியம் கென்யன்-ஸ்லேனி பிறந்தது குஜராத்தின் ராஜ்கோட்டில். அதே ஆட்டத்தில் ஸ்காட்லாந்தின் முதல் கோலைப் போட்ட ஹென்றி ரென்னி-டெய்லர் பிறந்தது முசூரியில். முடிவு 4-2, இங்கிலாந்துக்கு வெற்றி.

அந்த ஆட்டத்தில் இங்கிலாந்துக்குப் பின்வரிசையில் நின்றவர் ஆல்ஃபிரட் குட்வின். இவரும் இந்தியாவில் பிறந்தவர்தான், ரூர்க்கியில். ராயல் எஞ்சினியர்ஸ் என்ற பிரிட்டிஷ் ராணுவப் பொறியாளர் படையின் லெப்டினன்ட். நம் பக்கம் முல்லைப் பெரியாறு அணை கட்டிய பென்னிகுவிக் இருந்தாரே, அதே ராயல் எஞ்சினியர்ஸ்தான். பந்தைத் தனி ஆளாகக் கொண்டு ஓடாமல் ஒருவருக்கொருவர் தட்டிக் கொடுத்து ஆடுவதை இங்கிலாந்தில் முதலில் வளர்த்த அணிகளில் அந்தப் படை அணியும் ஒன்று. 1872-ல் நடந்த முதலாவது எஃப். ஏ. கோப்பை இறுதி ஆட்டத்திலும் குட்வின் ஆடினார், வாண்டரர்ஸ் அணியிடம் 1-0 என்று தோற்றார்கள்.

இங்கிலாந்துக்கு அவர் ஆடியது அந்த ஒரே ஆட்டம். அப்புறம் வேலை மாற்றலாகி ரூர்க்கிக்கே வந்தார். வந்த இடத்தில் குதிரை விபத்தில் அடிபட்டு 1874 மார்ச் 14-ல் இறந்தார். முந்தின நாள்தான் 24 வயது நிறைந்திருந்தது. இங்கிலாந்துக்கு ஆடியவர்களில் முதலில் இறந்தவர் இவர்தான். தேதியைக் கவனித்தீர்களா? மேலே ஆட்டவே கோப்பை வென்றதாகச் சொன்ன நாள் இதுதான். அன்றைக்கு ஓவலில் ஆக்ஸ்ஃபோர்டிடம் 2-0 என்று தோற்ற அணி குட்வினின் ராயல் எஞ்சினியர்ஸ். கூட ஆடியவன் அன்றைக்கே போய்விட்டான் என்று தெரியாமலேயே அவர்கள் மைதானத்தில் ஓடியிருக்கிறார்கள். இந்த இரண்டு தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த அன்றைக்கு எனக்கு வேறு வேலையே ஓடவில்லை.

கேள்வி: சார், இவங்களுக்கெல்லாம் எவ்வளவு சம்பளம்? தொப்பி கொடுத்தாங்களா?
– ஒன்பதாம் வகுப்பு மாணவர், உவரி

சம்பளமே கிடையாது தம்பி. காசு வாங்கி ஆடுவதை இங்கிலாந்தில் 1885-ல்தான் அனுமதித்தார்கள். நாட்டுக்காக ஆடியவருக்குத் தொப்பி கொடுக்கும் வழக்கம் 1886-ல் வந்தது. ஆட்டவேக்கும் கிடைக்கவில்லை, குட்வினுக்கும் கிடைக்கவில்லை.

கேள்வி: என் மகள் லண்டனில் வேலை பார்க்கிறாள். ஆட்டவே கல்லறை இப்போதும் இருக்கிறதா?
– ஓய்வுபெற்ற தபால் ஊழியர், திசையன்விளை

இருக்கிறது ஐயா. வடமேற்கு லண்டனில் கில்பர்ன் பகுதியில், பேடிங்டன் பழைய கல்லறைத் தோட்டத்தில். வெகு காலம் கவனிப்பாரற்றுக் கிடந்ததை 2013-ல் புதுக் கல் வைத்துச் சரிசெய்தார்கள், கால்பந்துச் சங்கத்தின் 150-வது வருஷம் அது. உங்கள் மகள் அந்தப் பக்கம் போனால் ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், அடுத்த இதழில் போடுகிறோம்.